மூன்றாவது தட்டு நமக்கு!

"கம்மாபுரத்திலே மக்ரோனியா?" என்று மூக்கின் மேல் விரலை வைக்காதீர்கள். மாசி மகத்துக்கு ஊரிலிருந்து வந்து இறங்கும் பட்டாளத்தை ஒருமுறை பார்த்தீர்களானால், "ஐயோ பாவம், இவளும் என்னதான் செய்வாள்!" என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

விருத்தாசலம் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பட்டணம். மாசி மகத்தன்று மணிமுத்தாற்றங்கரையில் முன்னோருக்குத் திதி கொடுத்து, விருத்தகிரீஸ்வரரைத் தரிசனம் செய்துவிட்டு, சொந்தபந்தம் அத்தனையும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அன்றைக்கு வெங்காயம், பூண்டு இல்லாத விரதச் சமையல். மறுநாள் காலை இட்லி, மத்தியானம் சாம்பார், கூட்டு. சாயங்காலம் ஆகிவிட்டால் பிள்ளைகள் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். "பெரியம்மா, இன்னிக்கும் சோறா?" சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த பிள்ளைகள். இரண்டு நாள் அடக்கி வைத்த ஆசை, மூன்றாம் நாள் அழுகையாக வெளியே வரும்.

பெரியவர்கள் பதினான்கு, சிறுவர்கள் பத்து, ஆக 24 பேர். ஒவ்வொருவருக்கும் தோசை வார்த்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றால் இரவு மணி பத்தாகும். அப்படிப்பட்ட நாளுக்கு உதவுகிற பண்டம்தான் சீஸ் போட்டு அவனில் சுட்டெடுக்கிற மக்ரோனி. ஒரே தட்டில் எட்டுப் பேருக்கு ஆகும். மேலே பொன்னிறமாக மொறுமொறுப்பு, உள்ளே பாலும் சீஸும் குழைந்த மென்மை. பல்லில்லாத தாத்தாவும் சாப்பிடலாம், பல் முளைத்துக்கொண்டிருக்கிற பேரனும் சாப்பிடலாம்.

இது நேற்று முளைத்த பண்டமும் இல்லை. இங்கிலாந்தில் 1769-ல் எலிசபெத் ராஃபால்ட் என்ற பெண்மணி எழுதிய சமையல் புத்தகத்திலேயே மக்ரோனியோடு சீஸ் சேர்க்கும் பக்குவம் இருக்கிறது. அமெரிக்காவில் 1937-ல் பெட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்த பிறகு, கையில் காசு குறைந்த வீடுகளிலும் அது வயிற்றை நிரப்பிற்று. இலங்கையில் தமிழர் வீடுகளிலும் சிங்களவர் வீடுகளிலும் விருந்தென்றால் மக்ரோனி சீஸ் வைப்பது சாதாரணம். நமக்குத்தான் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால், இதை எழுத உட்கார்ந்தது ருசியைப் பற்றிப் பேசுவதற்காக மட்டும் அல்ல. முதல் தடவை இதைச் செய்தபோது நான் பட்ட பாட்டை நீங்கள் படக்கூடாது. அதற்காகத்தான்.

அன்று நடந்தது

இங்கிலீஷில் இதற்குக் 'கேஸரோல்' என்று பேர். அடுப்பில் வைத்துச் சுட்டு, அதே பாத்திரத்தோடு மேஜைக்குக் கொண்டுவருகிற பண்டத்துக்கும் அந்தப் பேர், பாத்திரத்துக்கும் அந்தப் பேர். நம் வீடுகளில் கேஸரோல் என்றால் சப்பாத்தி வைக்கிற ஹாட்பேக் அல்லவா? எனக்கும் அதே நினைப்புதான்.

எங்கள் வீட்டுக் குழந்தையின் முதல் பிறந்தநாள். மாலை ஐந்து மணிக்கு விருந்து. காலையிலேயே வேலையை முடித்துவிட்டால் சாயங்காலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிம்மதியாக நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். பத்து மணிக்கெல்லாம் மக்ரோனி, வெள்ளை ஸாஸ், சீஸ் எல்லாம் கலந்து, மூன்று ஹாட்பேக்கில் போட்டு மூடி வைத்தேன். "சூடு ஆறாம இருக்கும்" என்று எனக்கு நானே சபாஷும் போட்டுக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்குத் திறந்தபோது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. வாசனையில் குறையில்லை, ருசியிலும் குறையில்லை. பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இரவு எட்டு மணிக்கு முதல் குழந்தை வாந்தி எடுத்தது. ஒன்பதுக்குள் நாலு குழந்தைகள். கடைசியில் ஏழு மாதக் கர்ப்பிணியான என் சின்ன நாத்தனார். ஆஸ்பத்திரியில் அவளுக்கு டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா, அதாவது என் மாமியார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என்னைக் கொன்றுவிட்டது.

டாக்டரம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் ஒலிக்கிறது. "என்ன சாப்பிட்டீங்கன்னு அப்புறம் சொல்லுங்க. எத்தனை மணிக்குச் சமைச்சீங்க, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?"

காலை பத்து, மாலை ஐந்தரை. ஏழரை மணி நேரம்! சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

கடவுள் புண்ணியத்தில் நாத்தனாருக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பிள்ளை இப்போது எங்கள் வீட்டில் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருக்கிறது.

ஏன் அப்படி ஆயிற்று?

சோறு, மக்ரோனி, சேமியா போன்ற மாவுப் பண்டங்களில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் விதைகள் இருக்கக்கூடும். அவை கொதிக்கிற நீரிலும் சாவதில்லை. பண்டம் மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. 'சுட வைத்துக் கொடுத்தால் சரியாப் போச்சு' என்று நாம் நினைப்பதுதான் பெரிய தப்பு. பாலும் சீஸும் சேர்ந்துவிட்டால் கிருமிக்குக் கேட்க வேண்டுமா, விருந்துதான்.

ஐந்து டிகிரி செல்சியஸுக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில் உள்ள சூடு கிருமிக்குப் பிடித்தமானது. நம் வெயில், நம் சமையலறை, வெதுவெதுப்பான ஹாட்பேக் எல்லாம் அந்த எல்லைக்குள்தான் வருகின்றன. ஹாட்பேக் சூட்டை உண்டாக்காது; உள்ள சூட்டை மெதுவாக இழக்கும். கிருமிக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி!

நினைவில் வைத்துக்கொள்ள ஒரே விதி: சமைத்த பண்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது, கோடை வெயிலில் ஒரு மணி நேரம்தான். ஒன்று, ஆவி பறக்கும் சூட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபிரிட்ஜின் குளிரில் இருக்க வேண்டும். நடுவில் நிற்கக்கூடாது.

எந்தப் பாத்திரம்?

பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பாத்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எப்படி? அங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தையே பாடமாகச் சொல்லித் தருகிற அரசுப் பயிலகமும் இருக்கிறது. அகல்விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை என்று பலவிதமான சாமான்கள் அந்தச் சூளைகளிலிருந்து வருகின்றன.

ஆனால், பளபளவென்று இருக்கிற பீங்கான் எல்லாம் சாப்பாட்டுக்கு ஆகாது. அலங்காரத் தட்டு வேறு, உணவுத் தட்டு வேறு. பீங்கானின் மேல்பூச்சு குறைந்த சூட்டில் உருகிப் பளபளக்க வேண்டும் என்பதற்காகச் சில இடங்களில் ஈயம் சேர்ப்பதுண்டு. அப்படிப்பட்ட பாத்திரத்தில் புளி, தக்காளி, எலுமிச்சை, தயிர் போன்ற புளிப்பு பட்டால் ஈயம் கசிந்து உணவில் இறங்கும். ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; கர்ப்பிணிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது. ஷோகேஸில் வைக்க வாங்கிய தட்டை விருந்துக்கு எடுக்காதீர்கள். வாங்கும்போதே, "சாப்பாட்டுக்கு உபயோகிக்கலாமா? ஈயம் இல்லாத பூச்சா? அவனில் வைக்கலாமா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். கடைக்காரர் தயங்கினால், விளக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு சின்னப் பரீட்சை. தட்டின் அடியில் பூச்சு இல்லாத வளையம் இருக்கும் அல்லவா? அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சிக்கொண்டால் அது குறைந்த சூட்டில் வெந்த மண். அவன் சூட்டில் விரியக்கூடும். தண்ணீர் அப்படியே நின்றால் நன்றாக வெந்தது என்று அர்த்தம். மேல்பூச்சில் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருந்தாலும் அந்தத் தட்டு வேண்டாம். வெடிப்பில் உணவு புகுந்துகொள்ளும், எவ்வளவு தேய்த்தாலும் வராது.

பீங்கானுக்குத் திடீர்ச் சூடும் திடீர்க் குளிரும் ஆகாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தட்டைக் கொதிக்கிற அவனுக்குள் வைக்காதீர்கள். அவனைப் பற்றவைக்கும் முன்பே தட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டையும் சேர்த்துச் சூடாக்குங்கள. வெளியே எடுத்ததும் ஈர மேடைமேல் வைக்காமல் காய்ந்த துணி அல்லது மரப்பலகைமேல் வையுங்கள். ஈரத் துணியால் பிடித்தால் கையும் சுடும், தட்டும் விரியும்.

பீங்கான் கிடைக்காவிட்டால் கேக் செய்கிற அலுமினியத் தட்டு போதும். 13 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 2 அங்குல ஆழம் இருந்தால் எட்டுப் பேருக்குச் சரியாக இருக்கும்.

என்னென்ன வேண்டும்?

கீழே உள்ளது ஒரு தட்டுக்கு, எட்டுப் பேருக்கு. 24 பேர் என்றால் எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மக்ரோனி: அரை கிலோ
வெண்ணெய்: 60 கிராம்
மைதா: 60 கிராம் (தலைதட்டி 7 அல்லது 8 டேபிள்ஸ்பூன்)
பால்: 1 லிட்டர்
சீஸ்: 200 கிராம், துருவியது
பெரிய வெங்காயம்: 2
பூண்டு: 4 பல்
பச்சை மிளகாய்: 2
கேரட்: 150 கிராம்
பீன்ஸ்: 100 கிராம்
உரித்த பச்சைப் பட்டாணி: 100 கிராம்
குடமிளகாய்: 1
மிளகுத்தூள்: 1 டீஸ்பூன்
ஜாதிக்காய்த் தூள்: ஒரு சிட்டிகை
ரஸ்க் தூள்: 1 கப்
முந்திரி: 50 கிராம், பொடித்தது
உப்பு: தேவைக்கு

முந்திரியைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் முந்திரி விளைகிற பூமி. எங்கள் ஊர் கைவரிசையாக ஏதாவது இருக்க வேண்டாமா? ரஸ்க் தூளோடு முந்திரிப் பொடியைச் சேர்த்து மேலே தூவிப் பாருங்கள், மொறுமொறுப்பே தனி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கிற வீட்டில் முழு முந்திரி போடாதீர்கள், தொண்டையில் சிக்கும். பொடியாகவே இருக்கட்டும்.

மக்ரோனி வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். கெட்டிக் கோதுமை ரவையில் செய்தது என்றால் வெந்த பிறகும் முத்து முத்தாக நிற்கும். வெறும் மைதாவில் செய்தது அவனில் போனதும் களி. சீஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று சைவ வீட்டார் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டியாகவும் துண்டாகவும் கிடைக்கிற பிராஸஸ்டு சீஸில், பாலின் புரதமும் கொழுப்பும் பிரியாமல் பிடித்து வைக்கிற உப்புகள் சேர்த்திருப்பார்கள். ஸ்விட்சர்லாந்தில் 1911-ல் கண்டுபிடித்த முறை அது. ஸாஸில் கட்டி தட்டாமல் கரைவது இந்தச் சீஸ்தான். நூல் நூலாக இழுபட வேண்டும் என்றால் மேலே தூவுவதற்கு மட்டும் கொஞ்சம் மொஸரெல்லா வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை

முதலில் மக்ரோனி. அரை கிலோவுக்கு நாலு லிட்டர் தண்ணீர், இரண்டு டேபிள்ஸ்பூன் கல்லுப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே மக்ரோனியைப் போட வேண்டும். பாக்கெட்டில் பத்து நிமிஷம் என்று போட்டிருந்தால் ஏழு நிமிஷத்தில் வடித்துவிடுங்கள். கடித்தால் நடுவில் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். மிச்ச வேக்காடு அவனில் ஆகிவிடும். இங்கே பொறுமை இழந்து குழைய விட்டவர்கள் பிறகு கரண்டியால் கூழ்தான் பரிமாறுவார்கள்.

காய்களைப் பொடியாக நறுக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி, பிறகு மற்றக் காய்களையும் போட்டு முக்கால் வேக்காடு விடுங்கள். காயில் தண்ணீர் நிற்கக்கூடாது. தக்காளியை ஸாஸில் சேர்க்காதீர்கள், பால் திரிந்துவிடும். ஆசையாக இருந்தால் வட்ட வட்டமாக வெட்டி மேலே அடுக்கலாம்.

இனி வெள்ளை ஸாஸ். அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, மைதாவைப் போட்டு, சின்னத் தீயில் இரண்டு நிமிஷம் கிளறுங்கள். பச்சை வாசனை போக வேண்டும், நிறம் மாறக்கூடாது. வெதுவெதுப்பான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். ரவா கேசரி கிளறுகிற கைக்கு இது பெரிய வித்தையா? கட்டி தட்டிவிட்டால் பயப்படாமல் காபி வடிகட்டியில் வடித்துவிடுங்கள். ஸாஸ் கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டி, விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும். பார்ப்பதற்குக் கொஞ்சம் நீர்க்க இருப்பது போலத் தோன்றும், இருக்கட்டும். மக்ரோனி குடித்துக்கொள்ளும்.

மிளகு, ஜாதிக்காய் போட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். அதற்கு அப்புறம்தான் சீஸ். கொதிக்கிற ஸாஸில் சீஸைப் போட்டால் புரதம் சுருண்டு திரிதிரியாகிவிடும். துருவிய சீஸில் முக்கால் பங்கை ஸாஸில் கரைத்து, கால் பங்கை மேலே தூவ வையுங்கள். உப்பைக் கடைசியில் பாருங்கள். சீஸிலேயே உப்பு நிறைய இருக்கிறது.

மக்ரோனி, காய், ஸாஸ் மூன்றையும் கலந்து, வெண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, மேலே சீஸ், அதன்மேல் ரஸ்க், முந்திரிப் பொடி. 190 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிஷம். ஓரங்களில் களகளவென்று குமிழி வந்து, மேலே பொன்னிறம் பூத்தால் எடுத்துவிடலாம். எடுத்ததும் பத்து நிமிஷம் ஆற விடுங்கள். உடனே வெட்டினால் ஸாஸ் ஓடிவிடும்.

அவன் இல்லாத வீட்டில்

நம் பாட்டிமார் அவனா வைத்திருந்தார்கள்? கீழே தணல், மூடியின்மேலும் தணல் போட்டுப் பண்டம் சுட்டவர்கள்தானே! பழைய கனமான அலுமினியப் பாத்திரத்தில் ஒரு அங்குல உயரத்துக்குக் கல்லுப்பு அல்லது சுத்தமான மணலைப் பரப்பி, நடுவில் ஒரு முக்காலி வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிஷம் சூடாக்குங்கள். உள்ளே அலுமினிய டப்பாவை வைத்து மூடி, சின்னத் தீயில் 35 முதல் 40 நிமிஷம். பீங்கானை இந்த முறைக்கு வேண்டாம், அடிச்சூடு தாங்காமல் விரியும். இப்படிச் செய்தால் மேலே நிறம் வராது. அதனால் ரஸ்க் தூளையும் முந்திரியையும் முன்னாலேயே வெண்ணெயில் சிவக்க வறுத்து வைத்துக்கொண்டு, பரிமாறும்போது தூவுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

தெரிந்த பேக்கரி பக்கத்தில் இருந்தால் ரொட்டி சுட்டு முடிகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சுட்டு முடித்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து உடனே பரிமாற வேண்டும். அங்கேயே விட்டுவிட்டுச் சாயங்காலம் போய் எடுத்துக்கொள்கிற கதை வேண்டாம். எங்கள் கதை உங்களுக்குத் தெரியும்!

மணிக்கணக்கு

வீட்டு அவனில் ஒரு தட்டுதான் போகும். மூன்று தட்டை எப்படிச் சமாளிப்பது? முதலில் எனக்கும் இது கவலையாகத்தான் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, இதுவே சௌகரியம் என்று. ஒன்று வேகும்போது அடுத்ததற்கு மக்ரோனி கொதிக்கும். எதுவும் காத்திருந்து கெட்டுப்போகாது.

மாலை 4.30: காய் நறுக்கி, சீஸ் துருவி, ரஸ்க் பொடித்து வைக்க வேண்டும். சீஸ் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.
5.30: காய் வதக்கி, மூன்று தட்டுக்கும் சேர்த்து வெள்ளை ஸாஸ் கிளற வேண்டும். ஸாஸ் பாத்திரத்தைக் கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் மூடி வைத்தால் ஆவி பறக்க நிற்கும். சீஸை மட்டும் அந்தந்தத் தட்டுக்கு அவ்வப்போது கலக்க வேண்டும்.
6.10: முதல் அரை கிலோ மக்ரோனி தண்ணீரில்.
6.25: முதல் தட்டு அவனில். 6.55-க்கு வெளியே. 7.05-க்குப் பிள்ளைகளுக்குப் பந்தி.
6.55: இரண்டாம் தட்டு உள்ளே. 7.35-க்கு வீட்டுப் பெரியவர்களும் ஆண்களும்.
7.30: மூன்றாம் தட்டு உள்ளே. 8.10-க்குப் பெண்கள்.

மூன்றாவது தட்டுக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முன்கூட்டியே செய்துதான் ஆக வேண்டும் என்கிறவர்கள், முதல் நாள் இரவு அலுமினியத் தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரம் இல்லாமல் பரப்பி, விசிறிக் காற்றில் சீக்கிரமாக ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆழமான அண்டாவில் வைத்தால் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். மறுநாள் சுடும்போது பதினைந்து நிமிஷம் கூடுதலாகும். நடுவில் கத்தியைச் செருகி எடுத்தால் கத்தி சுட வேண்டும். இரவில் நெடுநேரம் மின்சாரம் போயிருந்தால் அந்தத் தட்டை நம்பாதீர்கள். மனசு கேட்காதுதான், கொட்டிவிடுங்கள்.

யாருக்கு எப்படி?

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இந்த உப்பும் சீஸும் வேண்டாம். உப்புப் போடாத தண்ணீரில் ஒரு பிடி மக்ரோனியைத் தனியாகக் குழைய வேகவைத்து, காயோடு மசித்துக் கொடுங்கள். கர்ப்பிணிக்குப் பாஸ்ச்சரைஸ் செய்த பாலில் செய்த சீஸ்தான் நல்லது. காய்ச்சாத பாலில் செய்த மெத்து மெத்துச் சீஸ் வகைகள் கூடாது. அவளுக்குச் சூடாகக் கொடுங்கள், ஆறியது வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்கு ஒரு கரண்டி போதும். சர்க்கரைக்காரர்களுக்கு அரைத்தட்டு காய், கால்தட்டு மக்ரோனி என்று பரிமாறுங்கள். பால் ஒத்துக்கொள்ளாத குழந்தை கூட்டத்தில் இருக்கிறதா என்று முன்னாலேயே அதன் அம்மாவைக் கேட்டுவிடுவது நல்லது.

சும்மா மக்ரோனியை மட்டும் கொடுத்தால் திகட்டும். வெள்ளரிக்காய், கேரட் கோசுமல்லி ஒரு கிண்ணம் பக்கத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் இன்னொன்றும் உண்டு: ஆளுக்கு அரை டம்ளர் மிளகு ரசம். சிரிக்காதீர்கள். ஒருதரம் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் சின்ன டப்பாக்களில் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். இரண்டு நாளுக்குள், ஒரே ஒரு தடவை ஆவி பறக்கச் சுடவைத்துச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

மூன்றாவது தட்டு

நம் வீடுகளில் பந்தி என்றால் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பிள்ளைகள், பிறகு ஆண்கள், பிறகு பெரியவர்கள். எல்லாம் முடிந்து அடுப்படியில் பெண்கள் உட்காரும்போது சோறு ஆறியிருக்கும், அப்பளம் நமுத்திருக்கும், கூட்டுப் பாத்திரத்தில் அடிதான் மிச்சம். "எனக்குப் பசியே இல்லை" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். இரண்டு நாளாக நின்றுகொண்டே இருந்த கால்களுக்கும் பசி உண்டு என்பது யாருக்கும் தெரிவதில்லை.

போன மாசி மகத்துக்கு மறுநாள், ஆஸ்பத்திரி நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக இந்தப் பண்டத்தைச் செய்தேன். கை நடுங்கிற்று. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகளின் தட்டு காலி. ஆண்களின் தட்டும் காலி. "இன்னும் ஒண்ணு உள்ளே இருக்கு போலிருக்கே, கொஞ்சம் கொண்டாங்களேன்" என்று கூடத்திலிருந்து ஒரு குரல்.

நான் எழுந்தேன். என் மாமியார் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அது நம்மளுது" என்றார் கூடத்தைப் பார்த்து. "அவங்களுக்கு ரசம் இருக்கு, குடிக்கட்டும்."

அவனிலிருந்து மூன்றாவது தட்டு வந்தது. மேலே முந்திரி சிவந்திருந்தது, ஓரத்தில் சீஸ் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. மாமியார், மூன்று ஓரகத்திகள், இரண்டு அத்தைகள், நான், சின்ன நாத்தனார். எட்டுப் பேரும் அடுப்படியில் வட்டமாக உட்கார்ந்தோம். நாத்தனார் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு அண்ணி செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"எட்டு மணிக்கு வெளியே எடுத்தது" என்றேன்.

எல்லாரும் சிரித்துவிட்டோம். மாமியாரும் சிரித்தார். சூடு நாக்கைச் சுட்டது. பந்தியில் கடைசியாக உட்கார்ந்து, நாக்குச் சுடச்சுட நான் சாப்பிட்டது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

உங்கள் வீட்டுக் கூட்டத்துக்கும் செய்து பாருங்கள். மணியை மறக்காதீர்கள். மூன்றாவது தட்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்!